எஞ்சினின் நாக்கு

பெர்ணம் ஆற்றில் வற்றம் தொடங்கியிருந்தது. நீப்பாப் பனை மட்டைகளுக்கு அடியில் சேறு கறுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மாமாவும் நானும் மதியத்திலிருந்து ஆற்று இறாலுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்கு எஞ்சினை மிக மெதுவாக ஓடவிட்டு நகர்வது, கொஞ்ச நேரம் காத்திருப்பது, மறுபடியும் நகர்வது என்று நாலு மணி நேரம் போயிருந்தது. வாளியில் ஐந்தாறு பெரிய உடாங் காலா கிடந்தன. இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். எஞ்சின் இரண்டு முறை தும்மியது. மூன்றாவது தும்மலில் நின்றுவிட்டது.

கயிற்றை இழுத்தேன். காற்றை அடைக்கும் சோக்கைத் திறந்து இழுத்தேன், மூடி இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு இழுத்தும் பெட்ரோல் வாடை மட்டுமே வந்தது. வற்று நீர் எங்களைக் கடல் பக்கமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் மலேசியாவின் பேராக் மாநிலம், இடப்பக்கம் சிலாங்கூர் மாநிலம், இரண்டு கரையிலும் ஒரு விளக்கு இல்லை. முதலை உள்ள ஆறு அது. மாமா நங்கூரத்தை இறக்கிவிட்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கயிற்றை விடு, மாப்பிள்ளை. இழுக்க இழுக்க உள்ளே பெட்ரோல்தான் நிறையும். முதலில் நாக்கைப் பார்ப்போம்.”

நாக்கு என்று அவர் சொன்னது, சிலிண்டருக்குள் பொறி விட்டு எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கை. மாமா ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். நானும் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரஸர் இருந்தார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மண்டோரிடம் வாங்கிய திட்டுக்கு வந்த தலைவலி, எதுவானாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை “நாக்கை நீட்டு” என்பதுதான். வெள்ளை படிந்திருக்கிறதா, சிவந்திருக்கிறதா, வறண்டிருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் புட்டியின் மேல் கைவைப்பார். மாமா அந்தச் சொல்லைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். புல்வெட்டும் இயந்திரமோ, மரம் அறுக்கும் வாளோ, தண்ணீர் இறைக்கும் பம்ப்போ, பெட்ரோலில் ஓடுகிற எது வந்தாலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் அவர் வேறொரு திருகாணியைத் தொட்டதில்லை.

அன்றைக்குக் கழற்றிய இரண்டு பிளக்குகளும் கறுப்பாக, எண்ணெய் வழிய ஈரமாக இருந்தன. டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கு நிம்மதி. என்னிடம் புதிய பிளக் இரண்டு இருந்தன. முந்தின வாரம்தான் ஒரு கடையில் வாங்கினேன். பெட்டியைக் கிழித்து ஒன்றை எடுத்துத் துளையில் வைக்கப் போனேன்.

“கொடு பார்க்கலாம்” என்றார் மாமா. ஆங்கில எழுத்து அவருக்கு வாசிக்க வராது. பழைய பிளக்கையும் புதிய பிளக்கையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தார். கட்டைவிரலால், திருகிப் பொருத்தும் மரைப்பகுதியைத் தடவினார். “இது நீளம். போட்டால் பிஸ்டன் வந்து இடிக்கும். இந்த ஆற்றோடு எஞ்சின் கதை முடிந்துவிடும்.”

வெளிச்சத்தை அருகில் கொண்டுபோய்ப் படித்தேன். என் எஞ்சினுக்கு வேண்டியது பி7எச்எஸ்-10. கையில் இருந்தது பி7ஈஎஸ். ஒரே ஓர் எழுத்து. என்ஜிகே நிறுவனத்தின் குறியீட்டில் ‘பி’ என்றால் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர். இரண்டு பிளக்கும் ஒரே துளையில் சுகமாக ஏறும், ஒரே ஸ்பானர் பொருந்தும். ‘எச்’ என்றால் மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர். ‘ஈ’ என்றால் 19. அந்த ஆறு மில்லிமீட்டர் சொச்சம்தான் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு நின்று, மேலேறி வரும் பிஸ்டனின் தலையில் அடிக்கும். கடைக்காரர் தவறி எடுத்துக் கொடுத்தார், வாங்கியவன் பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. மாமாவின் கட்டைவிரல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அதன்பிறகு அவர் செய்தது ஆற்றின் நடுவில் செய்யக்கூடிய வைத்தியம். எஞ்சினை நிறுத்தும் விசையின் சிவப்புக் கயிற்றை இழுத்து எடுத்தார். அது வெளியே வந்துவிட்டால் பொறி வராது. பிளக் மூடிகளைத் துளைகளை விட்டுத் தள்ளி ஒதுக்கிவைத்தார். பிளக் இல்லாத நிலையில் கயிற்றை ஏழெட்டு முறை இழுக்கச் சொன்னார். தேங்கியிருந்த பெட்ரோல் புகைபோல் துளைகள் வழியே பீய்ச்சி வெளியே வந்தது. பழைய பிளக்குகளைத் துணியால் துடைத்தார். நீப்பா மட்டையில் ஒரு சிம்பு கிழித்துப் பீங்கானைச் சுற்றியிருந்த கரியைச் சுரண்டினார். ஆவி முழுக்கக் கலையட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிளக்குகளை மாட்டி, சோக் இல்லாமல், மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமானவனைப் போல மாமா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. படகுத்துறை வந்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “எண்ணெய் எவ்வளவு ஊற்றினாய்?”

கண்ணளவுக்கு ஊற்றியிருந்தேன். அதுதான் காரணம்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. என்னுடையது 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். புது எஞ்சினைப் பழக்கும் காலம் முடிந்தபின் அதற்குச் சொல்லப்பட்ட அளவு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லிலிட்டர். 24 லிட்டர் சிவப்புத் தொட்டி நிறைந்தால் 480. எண்ணெய் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்று நம்பித் தாராளமாக ஊற்றுகிறவர்கள் எங்கள் படகுத்துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எரியாத எண்ணெய் பிளக்கின் பீங்கான் மூக்கில் படிகிறது. பொறி, பிளக்கின் நடுமுனைக்கும் வெளிக்கொக்கிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதற்குப் பதிலாக அந்தக் கரி வழியே சுலபமாக இறங்கி ஓடிவிடுகிறது. மின்சாரம் வருகிறது, ஆனால் நெருப்பு பிறப்பதில்லை.

இதோடு மெதுவான ஓட்டமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதன் முனை ஏறத்தாழ 450, 500 பாகை செல்சியஸ் சூட்டுக்கு மேல் போனால் படிந்த கரி எரிந்து போய்விடும். 800 பாகையைத் தாண்டினால் வேறு ஆபத்து: பொறி வருவதற்கு முன்பே செஞ்சூடான முனை எரிபொருளைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் உருகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் பிளக்கை வைத்திருப்பதற்காகத்தான் குறியீட்டில் அந்த 7 என்ற எண் இருக்கிறது. என்ஜிகே கணக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது. வேறு சில நிறுவனங்களில் இது தலைகீழ், எண் கூடினால் சூடு. ஆகையால் ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் பிளக்கை வாங்காதீர்கள். இறால் பிடிக்கிறவர்கள் மணிக்கணக்கில் மெதுவாகவே ஓட்டுகிறோம், முனை சூடேறுவதே இல்லை. இதற்காகச் சூடான பிளக்கை மாற்றிப் போடு என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்பி வரும்போது முழு வேகத்தில் அரைமணி நேரம் ஓடவேண்டிய எஞ்சினுக்கு அது கொள்ளி வைப்பதற்குச் சமம். புதருக்குப் புதர் நகர்கிற பொழுதில் அவ்வப்போது நடு ஆற்றுக்கு வந்து சில நிமிடம் நன்றாக முடுக்கி ஓட்டினால் போதும், முனையில் சேர்ந்தது எரிந்துவிடும்.

என் மனத்தில் உள்ள முக்கியமான குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படகு வைத்திருக்கிறவர்கள் பிளக்கை மாற்றுகிறார்கள், ஆனால் பார்ப்பதில்லை. எஞ்சின் இடறினால் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை ஆற்றில் எறிகிறார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு மறுபடியும் இடறும், மறுபடியும் புதியது. நோயாளி நாக்கை நீட்டினால் நாக்கைத் துடைத்துவிட்டு அனுப்புகிற டிரஸரை யாராவது மன்னிப்போமா?

பழைய பிளக்கைக் கழற்றும்போது எது மேல் சிலிண்டர், எது கீழ் சிலிண்டர் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் முட்டை அட்டையில் இரண்டு குழி வெட்டி ‘மே’, ‘கீ’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கழற்றியதும் அதில் நிற்கவைப்பேன். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக, பால் தேநீரான தே தாரேக் காய்ந்த கோப்பையின் அடிபோல இருந்தால் எல்லாம் சுகம். உலர்ந்த கரி, விரலில் மையாக ஒட்டுவதுபோல் இருந்தால் பெட்ரோல் கூடுதல்: சோக் முழுதாகத் திறக்கவில்லை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் சரியில்லை, அல்லது நெடுநேரம் மெதுவாக ஓட்டியிருக்கிறீர்கள். ஈரமான கறுப்பு என்றால் எண்ணெய் கூடுதல், இல்லையென்றால் அந்தச் சிலிண்டருக்குப் பொறியே போகவில்லை. வெள்ளை வெளேர் என்று, சில இடங்களில் கொப்புளித்தாற்போல் இருந்தால் உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது குளிர்ச்சி நீர் ஓடவில்லை. சாம்பல்நிறத்தில் உலோகத் துகள்கள் மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம்; அந்த எஞ்சினைத் திறந்துதான் ஆகவேண்டும்.

ஒரு பிளக் கறுப்பு, இன்னொன்று பழுப்பு என்றால் அது இன்னும் நல்ல செய்தி சொல்கிறது. எண்ணெய்க் கலவை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே குற்றம் கலவையில் இல்லை; ஒரு சிலிண்டரின் பக்கம் மட்டும் தேடினால் போதும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாலைந்து வருடத்துக்கு முன் என்னை ஏமாற்றிய பிளக் ஒன்று உண்டு. அது கறுப்பாக இல்லை, கொப்புளிக்கவும் இல்லை. கீழ்ச் சிலிண்டருடையது. கழற்றிப் பார்த்தபோது அவ்வளவு சுத்தமாக இருந்தது. பீங்கான் புதுத் தட்டைப்போல் பளிச்சென்றிருந்தது. மேல் சிலிண்டருடையது வழக்கமான பழுப்பு. நான் மகிழ்ச்சியோடு கீழதைத் துடைக்கக்கூட இல்லாமல் மாமாவிடம் நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார், விளிம்பில் படிந்திருந்த மெல்லிய வெள்ளைத் தூளை நகத்தால் சுரண்டினார்.

“இது சுத்தமாகவில்லை, மாப்பிள்ளை. கழுவப்பட்டிருக்கிறது.”

குளிர்ச்சிக்காக எஞ்சினைச் சுற்றி ஓடுகிற ஆற்று நீர், சிலிண்டர் மூடியின் அடியில் கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட் அரித்துப் போனதால் துளித்துளியாக உள்ளே கசிந்துகொண்டிருந்தது. சூட்டில் அந்த நீர் ஆவியாகி, சமையலறையில் ஆவி பிடித்துப் பாத்திரத்தின் கறை கழன்று வருவதுபோல் பிளக்கின் கரியைக் கழற்றியிருக்கிறது. எங்கள் பகுதியில் பெர்ணம் ஆறு நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் கடல் உப்பு உள்ளே வந்துவிடும். அந்த வெள்ளைத் தூள் உப்பு. இன்னும் ஒரு மாதம் அப்படியே விட்டு, நடுவில் இரண்டு வாரம் ஓட்டாமலும் வைத்திருந்தால் சிலிண்டர் சுவர் துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகியிருக்கும். மூடியைத் திறந்து புதிய கேஸ்கெட் போட்டோம். கேஸ்கெட்டின் விலை பெரிதில்லை. மாமா அதை மோந்து பார்க்காமல் போயிருந்தால் புது எஞ்சின்தான்.

அந்த நாளிலிருந்து மிகச் சுத்தமான பிளக்கைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

கழற்றுவதையும் மாட்டுவதையும் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறட்டும். சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டோடு சூடாகத் திருகினால் மரை பிளக்கோடு வந்துவிடும். பிளக் மூடியை அதன் ரப்பரைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைச் சுற்றியிருக்கும் மணலையும் உப்பையும் முதலில் ஊதித் தள்ளவேண்டும். சைக்கிள் பம்ப் போதும். இல்லாவிட்டால் கழற்றிய நொடியில் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். ஸ்பானரைச் சாய்க்காமல் நேராகப் பிடிக்கவேண்டும். சாய்ந்தால் பீங்கானில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்கே தெரியாது. ஈரக்காற்றுள்ள காலையில் பொறி அந்த விரிசல் வழியே வெளியே ஓடிவிடும். மழைக்காலத்தில் அப்பாவின் கப்சாய் மோட்டார்சைக்கிள் பெரட்டு நேரத்தில் கிளம்ப மறுத்ததற்கு ஒருமுறை அதுதான் காரணமாக இருந்தது. ஒல்லியான 10 மில்லிமீட்டர் பிளக் அது. அப்பா அதை அடுப்பருகில் காயவைப்பார், காய்ந்ததும் கிளம்பும், மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. விரிசலைக் கண்டுபிடித்தவரும் மாமாதான்.

இடைவெளியைச் சரிபார்க்காமல் புதிய பிளக்கைக்கூட மாட்டாதீர்கள். என் எஞ்சினுக்கு 0.9 முதல் 1.0 மில்லிமீட்டர். உங்களுடையதற்கு அதன் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் வேதம். தகட்டு அளவியை உள்ளே விட்டால் லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். வளைக்க வேண்டுமானால் வெளிக்கொக்கியை மட்டும் வளையுங்கள், நடுமுனையை நெம்பக்கூடாது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், இரண்டு ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. வினாடிக்கு எண்பதுக்கு மேல். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஓர் அணுவளவைக் கொண்டுபோகிறது. ஆகவே இடைவெளி தானாகவே அகலும். முனைகளின் கூர்மை மழுங்கி உருண்டுவிட்டால் இடைவெளியைச் சரிசெய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். பல கையேடுகள் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைச் சோதிக்கச் சொல்கின்றன. உப்பு ஏறும் ஆற்றில் ஓட்டுகிற நான் 50 மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

கம்பித் தூரிகையால் தேய்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். தூரிகையின் உலோகம் பீங்கானில் கோடுகோடாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோடே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து தரும் பட்டறைகளும் உண்டு. இடுக்கில் தங்கிய ஒரு மணல் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். இரண்டு பேர் பசியாறும் செலவுக்குப் புதிய பிளக் கிடைக்கும்போது இந்த ஆபத்து எதற்கு? மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். குறியீட்டில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது இருக்கிற பிளக்கையே வாங்குங்கள். மீன் தேடும் கருவியிலும் வானொலியிலும் இரைச்சல் வராமல் தடுக்கிற மின்தடை உள்ளே இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

மாட்டும்போது முதலில் விரலால்தான் திருகவேண்டும். ஸ்பானர் கையில் இருந்தால் மரை தவறி ஏறுவது தெரியாது, விரலுக்குத் தெரியும். விரலில் இறுகியபின், புதிய பிளக் என்றால் ஸ்பானரால் ஏறத்தாழ அரைச் சுற்று. அதிலுள்ள வளையம் நசுங்கி அமர்வதை உணரலாம். பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் வளையம் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மணிக்கூண்டு முள்ளில் ஒரு மணி தூரம் போதும். முறுக்களவு காட்டும் ஸ்பானர் இருந்தால் என்னுடையதற்கு 25 நியூட்டன் மீட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் மரையில் கிரீஸ் அள்ளிப் பூசுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவேண்டும். வழுக்கலில் கைக்குத் தெரியாமலே கூடுதலாக இறுகிவிடும். நான் மரையை உலர்வாக விட்டுவிட்டு, மூடியின் ரப்பருக்குள் மட்டும் மின்காப்புக் கிரீஸ் ஒரு துளி தடவுகிறேன். ஈரம் உள்ளே நுழையாது, அடுத்தமுறை மூடி சுலபமாகக் கழன்றும் வரும்.

இப்போது என் படகில் மைலோ டப்பா ஒன்று இருக்கிறது. அதில் எழுத்து எழுத்தாகப் படித்து, பழையதோடு பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து, இடைவெளி அளந்து வைத்த இரண்டு புதிய பிளக்குகள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கின்றன. கூடவே ஸ்பானர், தகட்டு அளவி, டார்ச், காய்ந்த துணி. கண்ணளவு எண்ணெய்க்குப் பதிலாக மருந்தளக்கும் குவளை ஒன்றும் வாங்கினேன்.

மாமா இப்போது ஆற்றுக்கு வருவதில்லை. இரண்டு கண்ணிலும் புரை, முழங்கால் வேறு. நான் படகை நல்ல தண்ணீரில் கழுவி ஓட்டி முடித்துவிட்டு, பிளக்குகளை முட்டை அட்டையோடு அவர் வீட்டு முகப்பு ஐந்தடிக்குக் கொண்டுபோவேன். போன சனிக்கிழமையும் கொண்டுபோனேன். ஒன்றைக் கையில் எடுத்தார். மரையை ஒரு சுற்று தடவினார், மோந்தார், முனையில் விரல் நுனியை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“கீழ்ச் சிலிண்டர்தானே?”

“ஆமாம், மாமா.”

“லேசாக மை ஒட்டுகிறது. சோக் வாயில் முழுசாகத் திறக்கிறதா என்று நாளைக்குப் பார். திறந்தால் கார்புரேட்டரைக் கழற்று. கழற்றுவதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவா.”